மூவாயிரத்துக்குக் கீழே

2007 செப்டம்பர் 3, திங்கள்
உத்தமபாளையம்

காலையிலிருந்து சாரல். ஓவியா பள்ளிக்கூட வேனில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார்; தெருவே எட்டிப் பார்த்தது. ஒருவழியாக ஏற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி பத்து. டாக்டர் ராஜமணி மேடம் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார்.

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்களுக்கு மேடம் இன்று எங்கள் ஆய்வைப் பற்றி விளக்கினார். நானும் உட்கார்ந்து கேட்டேன். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிக்கிறவர்களின் ரத்தத்தை எடுத்து மதுரை லேபுக்கு அனுப்பியிருக்கிறோம். பூச்சி மருந்து உடம்பில் ஏற ஏற ரத்தத்தில் ஒரு சத்து குறையுமாம். அதை லேபில் எண்ணாகச் சொல்வார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது. சின்னதாக ஆக ஆக ஆபத்து. அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பிரித்துக் கொடுப்பது என் வேலை.

என் கூடப்பிறந்த நாகராஜ் அண்ணனும் மருந்தடிக்கிறவர்தான்; அவர் ரத்தம் கொடுத்ததே பெரிய கதை. சுருளிப்பட்டியில் முகாம் போட்ட அன்று மோட்டார் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ராமுத்தாய் மதினிதான் இழுத்துக்கொண்டு வந்தார். "நோய் வந்தவனுக்குல்ல ஊசி? எனக்கு எதுக்கு?" என்று கடைசிவரை முனகல். அப்பா போன பிறகு என்னை பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிக்கவைத்தவர். அந்தப் படிப்பை அவர் மேலேயே காட்டுகிறேன் என்று கோபம்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 7, வெள்ளி

ரிசல்ட் இல்லை. ஓவியாவுக்குக் காய்ச்சலும் இல்லை, நடிப்பு.

செப்டம்பர் 13, வியாழன்

எண்கள் வருவதற்கு முன்பே அட்டவணையைத் தயாராக வைக்கலாம் என்று நானாகச் சில எண்களைப் போட்டு ஒன்று செய்து காட்டினேன். ஆயிரத்துக்குள், ஆயிரம் முதல் இரண்டாயிரம், இரண்டாயிரம் முதல் மூவாயிரம் என்று பதின்மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் எத்தனை பேர் என்று தானாக எண்ணிக் காட்டும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இத்தனை வரி எனக்கு எதுக்கு விஜி? எனக்குத் தெரிய வேண்டியது மூணுதான். யாரை இன்னிக்கே நிறுத்தணும், யாரைக் கவனிச்சுக்கிட்டு இருக்கணும், யாரைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்."

மூன்று வகையாக மாற்றினேன். மூவாயிரத்துக்குக் கீழே, உடனே நிறுத்த வேண்டியவர்கள். மூவாயிரம் முதல் ஐயாயிரம் வரை, கவனிக்க வேண்டியவர்கள். ஐயாயிரமும் அதற்கு மேலும், நலம்.

ஒரு சந்தேகம் கேட்டேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு உள்ளவருக்கும் மூவாயிரம் உள்ளவருக்கும் உடம்பில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடும்?

"ஒண்ணும் இருக்காது. ஆனா எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்?" என்றார்.

வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு வேலை போகும். அந்தப் பக்கம் இருப்பவர் மறுநாளும் மருந்தடிப்பார். அந்தக் கோட்டை இழுக்கிறது என் விரல்.

செப்டம்பர் 17, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி லீவு முடிந்து போனால் ஈமெயிலில் ரிசல்ட் வந்து கிடக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஊர் ஊராக ஒன்பது எக்செல் தாள்கள். எண் போட வேண்டிய இடத்தில் சிலருக்கு 'ரத்தம் போதவில்லை' என்று ஆங்கிலத்தில் டைப் செய்திருக்கிறார்கள். ஒன்பதையும் ஒன்றாகச் சேர்த்து, பெயர், ஊரோடு பொருத்த இரண்டு நாளாவது ஆகும். இடையில் ஆஸ்பத்திரி பில் வேலையும் இருக்கிறது.

செப்டம்பர் 19, புதன்

சேர்த்து முடித்தேன். பிரித்துக் காட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் மாட்டேன் என்கிறது. 'டேட்டா டைப் மிஸ்மேட்ச்' என்று ஒரே பாட்டு. என்ன வகை பொருந்தவில்லையோ. நான் எழுதிய மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்கோள் குறி போட்டுப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு ஓடிவிட்டது. அப்பாடா.

செப்டம்பர் 20, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் மூன்று வகையையும் கூட்டினால் நானூற்றுப் பதினாலு வந்தது. ஆட்களோ நானூற்றுப் பன்னிரண்டு. சரியாக ஐயாயிரம் உள்ள இரண்டு பேர் நடு வகையிலும் விழுந்து, நலம் வகையிலும் விழுந்திருந்தார்கள். 'ஐயாயிரம் வரை' என்றால் ஐயாயிரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதைத் திருத்தினேன். கணக்கு நானூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது. கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டதால் எல்லாம் சரி என்று நினைத்தேன்.

மேடம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூவாயிரத்துக்குக் கீழே எழுபத்தொரு பேர்.

"எழுபத்தொண்ணா? பத்துப் பதினஞ்சு பேர் இருப்பாங்கன்னுதான் நினைச்சேன்."

அங்கேயே முடிவு செய்தார். எழுபத்தொரு பேரையும் சனிக்கிழமை வேன் வைத்துக் கூட்டி வர வேண்டும். நன்றாக இருப்பவர்களைக் காத்திருக்கவைக்க வேண்டாம், சுருளிவேல் ஊர்களுக்குப் போகும்போது நேரில் சொல்லிவிடட்டும். சுருளிவேல் எங்கள் களப் பணியாளர். எல்லாருக்கும் ரத்தம் எடுத்தவன், வீடு வாசல் எல்லாம் அவனுக்குத் தெரியும். பெயரும் ஊரும் மட்டும் போட்டு இரண்டு பட்டியல் எடுத்தேன். பிரிண்டர் கடைசித் தாளைத் துப்பியதும் கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பட்டியலைச் சுருளிவேலிடம் கொடுக்கக் கம்பம் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்துதான் தாளைப் பிரித்தேன். உடனே நிறுத்த வேண்டியவர்கள். இரண்டாம் பக்கம். நாகராஜ், தகப்பனார் பெயர் செல்லப்பாண்டி, சுருளிப்பட்டி.

வேறு நாகராஜாக இருக்குமோ என்று பார்த்தேன். செல்லப்பாண்டி மகன் நாகராஜ் சுருளிப்பட்டியில் வேறு யார் இருக்கிறார்கள்?

கம்பம் பஸ் ஸ்டாண்டில் சுருளிவேலிடம் பட்டியலைக் கொடுத்தேன். "ஏன்க்கா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றான். சுருளிப்பட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அண்ணன் அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். காலையில் மருந்தடித்திருக்கிறார். வாசலிலேயே சொன்னேன், எப்படிச் சொல்வது என்றெல்லாம் யோசிக்கவில்லை. மதினி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து சுவரோடு சாய்ந்து நின்றார். ஐந்து மாத வயிறு அவருக்கு.

அண்ணன் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

"ஆறு மாசமாத் தலவலி விஜி. நெத்திப்பொட்டு ரெண்டும் தெறிக்கும். உங்கிட்டச் சொல்லல."

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா என்ன செய்யச் சொல்லுவ? அடிக்காதன்னு சொல்லுவ. சாரல் விழுகுற நேரத்துல அடிக்காம விட்டா இலையெல்லாம் கொட்டிப் போகும். அதான் சொல்லல."

மதினி அழுதார். நானும் அழுதேன். அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்கு அடிக்கல. அழுகாதீக" என்றார். அவர் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதுதான் எனக்கு அதிகப் பயம்.

ஓவியா அப்பா மில்லிலிருந்து வந்து, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 21, வெள்ளி

அண்ணனுக்கு ஒன்றுமில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன். அண்ணனுக்கு ஒன்றுமே இல்லை.

காலையில் போனதும் மேடம், "எழுபத்தொரு பேரையும் ஒரே நாள்ல பாக்க முடியாது. ரொம்பக் குறைவா இருக்கிறவங்களை முதல்ல கூப்பிடுவோம். நம்பரோட வரிசைப்படுத்திக் குடு" என்றார். பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணன் பெயரும் அதில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நினைத்தபடியே பொத்தானை அழுத்தினேன்.

முதல் வரி 10050. அடுத்தது 10180. அடுத்தது 10400, நாகராஜ், சுருளிப்பட்டி.

"விஜி, இது என்ன? பத்தாயிரம் எப்படி மூவாயிரத்துக்குக் கீழ வரும்?"

கீழே இறக்கிப் பார்த்தேன். 12100 வரைக்கும் பெரிய பெரிய எண்கள். அதற்குப் பிறகு 1980. அதற்குப் பிறகு 2230. அகராதியில் வார்த்தைகளை அடுக்கின மாதிரி. முதல் எழுத்து ஒன்று உள்ளதெல்லாம் முதலில், இரண்டு உள்ளதெல்லாம் அடுத்து. எண் எத்தனை இலக்கம் என்று அது பார்க்கவே இல்லை. எண்களை எண்ணாக வைத்துக்கொள்ளாமல் எழுத்தாக வைத்திருக்கிறது. 'ரத்தம் போதவில்லை' என்று எண்கள் மேலிருந்து கீழாக நிற்கும் அந்தப் பத்தியில் சில இடங்களில் வார்த்தை இருந்ததால் மொத்தப் பத்தியையும் எழுத்தென்று எடுத்துக்கொண்டுவிட்டது. புதன்கிழமை அது பொருந்தவில்லை பொருந்தவில்லை என்று கத்தியது இதைத்தான். நான் மேற்கோள் குறி போட்டு அதன் வாயை அடைத்தேன்.

மேடத்திடம் சொன்னேன். "அப்ப இந்தப் பத்தாயிரம் பன்னண்டாயிரம் எல்லாம்?" என்றார். "நல்லா இருக்காங்க மேடம்" என்றேன். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வராந்தாவுக்கு ஓடினேன்.

"அண்ணே, உனக்கு ஒண்ணுமில்ல. பத்தாயிரத்து நானூறு."

"அது நல்லதா கெட்டதா?"

"நல்லது. ரொம்ப நல்லது."

"அப்ப நேத்து அழுதது?" என்றார்.

"தப்பா அழுதுட்டேன்."

பக்கத்தில் மதினி என்ன என்ன என்று கேட்கிற சத்தம் கேட்டது. அண்ணன் அவருக்குச் சொல்ல வேண்டுமே, அதனால் எப்படித் தப்பு நடந்தது என்று கேட்டார். "நம்பர எழுத்துன்னு நெனச்சுருச்சுண்ணே. மொத எழுத்து ஒண்ணா இருக்கவும் பெரிய நம்பரெல்லாம் கீழ போயிருச்சு—"

அந்த இடத்தில் நின்றுபோனேன். பெரிய எண் கீழே போனால், சின்ன எண்? எட்டில் ஆரம்பிக்கிற எண்ணூறு, ஐந்தில் ஆரம்பிக்கிற ஐயாயிரத்தைவிட மேலே அல்லவா போகும்? போனை வைக்கக்கூட இல்லை, அப்படியே பையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன்.

எழுத்தாக இருந்ததை எண்ணாக மாற்றினேன். வார்த்தை இருந்த ஐந்து பேரைத் தனியாக எடுத்துவைத்தேன். ரத்தமே போதாத அந்த ஐந்து பேரையும் நேற்று 'நலம்' என்று சேர்த்திருந்தது. மறுபடி வரிசைப்படுத்தினேன். முதல் வரி:

870. ஒச்சாண்டி, ஆனைமலையன்பட்டி.

நானூற்றுப் பன்னிரண்டு பேரில் மூன்று இலக்கம் உள்ளவர் இவர் ஒருவர்தான். நேற்றைய தாளில் இவர் நன்றாக இருப்பவர்.

மேடம் சுருளிவேலுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது. "ஒச்சாண்டி அண்ணனா? காலையில டீக்கடையில பாத்தேன் மேடம். ரத்தம் நல்லா இருக்குண்ணே, கவலைப்படாதீகன்னு சொல்லிட்டேனே. மருந்தடிக்கத்தான் போறாரு."

ஆம்புலன்ஸ் வேனில் மேடமும் நானும் ஒரு நர்ஸும் போனோம். சுருளிவேல் ஊர் விலக்கில் வண்டியை நிறுத்திவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டான். ஒச்சாண்டி வீட்டில் அவர் மனைவி மலையம்மாள் புளி உடைத்துக்கொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோட்டம் என்று கை காட்டினார். "என்ன ஆத்தா, என்ன செய்யுது அவருக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். "ஒண்ணும் செய்யல, செய்யுறதுக்கு முன்னாடி பாக்க வந்தோம்" என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது.

திராட்சைப் பந்தலுக்குள் குனிந்துதான் போக வேண்டியிருந்தது. இலையெல்லாம் மருந்து ஈரம். அந்த வாடை தொண்டையில் ஒட்டியது. ஒச்சாண்டி வரப்பில் உட்கார்ந்திருந்தார். குளிர்ந்த சாரலில் சட்டை முழுக்க வேர்வை. பக்கத்தில் எச்சில் துப்பித் துப்பித் தரை நனைந்திருந்தது. ஐம்பது வயது இருக்கும்.

மேடம் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"எதுக்கு? வெயிலு... இல்ல, காத்து ஒத்துக்கல. செத்த உக்காந்தா சரியாப் போகும். இன்னும் ஒரு டிரம்மு கரைச்சு வச்சுருக்கு."

"உங்க ரத்தத்துல மருந்து ஏறியிருக்குங்க."

அவர் சுருளிவேலைப் பார்த்தார். "ஏலே, நல்லா இருக்குன்னு காலையில நீதான சொன்ன?"

சுருளிவேல் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன், "அவன் மேல தப்பில்லண்ணே. நான் குடுத்த பட்டியல் தப்பு. கம்ப்யூட்டர்ல நான் தப்பாப் பிரிச்சுட்டேன். ஒங்களதுதான் எல்லாரையும்விடக் கம்மி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழப் போனார், கால் மடங்கியது. சுருளிவேல் தாங்கிப் பிடித்தான்.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, ஊசி போட்டு, டிரிப் ஏற்றினார்கள். மேடம் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்க் கண்ணைப் பார்த்தார். மதியத்துக்கு மேல் வேர்வை நின்றது. நான்கு மணிவாக்கில் வெளியே வந்து, "கண்மணி விரியுது" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் வைத்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். அவர் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மலையம்மாள் துணிப்பையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"தப்பா எழுதுனதும் நீதான்?"

"ஆமா."

"கண்டுபிடிச்சு வேனக் கூட்டிட்டு வந்ததும் நீதான்?"

"நானும் டாக்டரும்."

பையின் காதை முறுக்கினார். "ஒன்ன வையணும்னுதான் இருக்கு. இப்பச் சத்தில்ல. போயி ஒரு டீ வாங்கியா."

வாங்கிக்கொண்டு வந்தேன். பாதி குடித்துவிட்டு மீதியை என்னைக் குடிக்கச் சொன்னார்.

போனைப் பார்த்தால் அண்ணன் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் பாதிப் பேச்சில் நிறுத்தியதும் பயந்துபோய்ப் பஸ் ஏறி உத்தமபாளையத்துக்கே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையில் ஒரு கொட்டு.

செப்டம்பர் 22, சனி

ஒச்சாண்டி இட்லி சாப்பிட்டார். கையில் நடுக்கம் கொஞ்சம் இருக்கிறது.

மூவாயிரத்துக்குக் கீழே உண்மையில் பதினாலு பேர். ஒச்சாண்டியைத் தவிர மற்ற பதின்மூன்று பேரும் வேனில் வந்தார்கள். யாருக்கும் படுக்கவைக்கிற அளவுக்கு இல்லை. வியாழக்கிழமைப் பட்டியலால் பயந்து தானாகவே வந்துவிட்ட நல்ல உடம்புக்காரர்கள் முப்பது பேருக்கு மேல். மேடம் அவர்களிடமும் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார். ஒருவர், "நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு எதுக்கு மன்னிப்பு, அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

மாலையில் மேடம் கூப்பிட்டார். வேலை போகும் என்றுதான் போனேன்.

"நானும் அந்தத் தாளைப் பாத்தேன் விஜி. எழுபத்தொண்ணுன்னதும் பயந்தேன். சந்தேகப்படலை. லேப்லயும் எண்ணூத்தி எழுபதைப் பாத்ததுமே போன் பண்ணியிருக்கணும். மூணு பேர் கையைத் தாண்டித்தான் அந்த மனுஷன் தோட்டத்துக்குப் போயிருக்காரு. இனிமே உன் கையைத் தாண்டக் கூடாது. அதுக்கு என்ன வழின்னு யோசிச்சுட்டு வா."

வேலை போகவில்லை.

செப்டம்பர் 25, செவ்வாய்

ஒச்சாண்டி வீட்டுக்குப் போனார். மூன்று மாதத்துக்கு மருந்து வாடைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வகைகளுக்கென்று தனியாக ஒரு சின்ன அட்டவணை. எதிலிருந்து, எதுவரை, என்ன பெயர். 'இருந்து' என்பதில் அந்த எண்ணும் சேரும். 'வரை' என்பதில் சேராது, அது அடுத்த வரிக்கு. நாளைக்கு மேடம் கோட்டை மாற்றச் சொன்னால் இந்த அட்டவணையில் மாற்றினால் போதும். எண் இல்லாதவர்களுக்குத் தனியாக நான்காவது வரி. அவர்களை யாரும் நலம் என்று சொல்ல முடியாது.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு வகைக்கும் எதிரே, அதில் உள்ள மிகச் சின்ன எண்ணும் மிகப் பெரிய எண்ணும் வருகிற மாதிரி வைத்தேன். நேற்றே இது இருந்திருந்தால் மூவாயிரத்துக்குக் கீழே என்ற வரிக்குப் பக்கத்தில் பன்னிரண்டாயிரம் என்று நின்றிருக்கும். நலத்துக்குப் பக்கத்தில் எண்ணூற்றெழுபது. ஓவியாகூடக் கண்டுபிடித்திருப்பாள்.

நேற்றே என்று எழுதிவிட்டேன். ஐந்து நாள் ஆகிறது. எனக்கு இன்னும் நேற்றாகத்தான் இருக்கிறது.

புதிய தாளை மேடத்திடம் கொடுத்தேன். கீழே 870, 2890. நடுவில் 3010, 4960. மேலே 5000, 12100. பதினாலு, தொண்ணூற்றாறு, இருநூற்றுத் தொண்ணூற்றேழு, எண் இல்லாதவர் ஐந்து. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 3, புதன்

ரத்தம் நன்றாக இருக்கிறது சரி, அப்போது தலைவலி எதனால்? மேடம் சொல்லி அண்ணனைத் தேனியில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி போட வேண்டுமாம், அவ்வளவுதான். ஆறு மாதமாகக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே நெற்றி தெறித்திருக்கிறது.

அல்லிநகரத்தில் ஒரு கடையில் கறுப்பு பிரேம் எடுத்தோம். மதினி பார்த்துவிட்டு, "வாத்தியாரு வந்துட்டாக" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோட்டத்துக்குப் போன அண்ணன் சாயங்காலம் போன் பண்ணினார். "இலையில இம்புட்டுப் புள்ளி இருந்துருக்கு விஜி. இத்தன நாளு குருட்டாம்போக்குலதான் அடிச்சுருக்கேன்."

முகமூடியும் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன். முகமூடி போடுகிறார். கையுறை வழுக்குகிறதாம்.

நவம்பர் 8, வியாழன்

தீபாவளி. பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் மருந்தடிப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு பேர் திரும்பப் போய்விட்டார்கள், சுருளிவேல் பேசிப் பார்த்தும் பயனில்லை. ஒச்சாண்டி கவாத்து வேலைக்குப் போகிறார். கொடியை எங்கே வெட்டினால் எங்கே காய்க்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியுமாம், தோட்டத்துக்காரர்கள் தேடி வருகிறார்கள்.

2008 ஜனவரி 24, வியாழன்

மதினிக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. எடையைச் சொன்னதும் மனசு தானாக எந்த வகை என்று தேடியது. நல்ல வகைதான்.

பிப்ரவரி 13, புதன்

இரண்டாவது சுற்று ரிசல்ட் நேற்று வந்தது. பத்தியை எண்ணாக மாற்றி, ஓட்டி, கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் பார்த்து, தாளை மேடத்திடம் கொடுத்தாயிற்று. மூவாயிரத்துக்குக் கீழே மூன்று பேர். திரும்பப் போன அந்த இரண்டு பேரும், புதிதாக ஒருவரும். மூன்று பேர் வீட்டுக்கும் மேடமே போனார்.

இன்று மதியம் மலையம்மாள் வந்தார். கம்பம் சந்தைக்குப் போகிற வழியாம். கையில் இரண்டு பை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டேதான் கேட்டார்.

"அவரு எங்கன இருக்காரு இப்ப? மேலயா கீழயா?"

ஒச்சாண்டி, ஆனைமலையன்பட்டி என்று அடித்தேன். 4310. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். எண்ணைப் படித்தாரா என்று தெரியவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"நடுவுல இருக்காரும்மா. கீழ இருந்து ஏறி வந்துட்டாரு. இன்னும் கொஞ்சம் ஏறணும்."

"நடுவுலயா."

அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு பைகளைத் தூக்கினார்.

"நடுவுல போதும் தாயி. நடுவுல இருக்குற ஆளுதான் தெனமும் என்னோட சண்ட போடுறாரு" என்று சொல்லிவிட்டு, கம்பம் பஸ் போய்விடும் என்று படியிறங்கிப் போனார்.